பைபோலரும் மூளையின் வெண்சடப்பொருளும்: ஸ்கேன் எடுக்கும் முன்னும் பின்னும் குடும்பத்தார் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் ஒரு பெரிய ஸ்கேன் கவர் எட்டு வருடமாகக் கிடக்கிறது. தம்பியின் மூளைப் படம். அதற்குள் இருந்த ரிப்போர்ட்டின் கடைசி வரி, எல்லாம் நோர்மல் என்றது. கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் அம்மா அந்த வரியை என்னைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தார். "அப்ப மூளையில ஒண்டும் இல்லை எண்டுதானே எழுதியிருக்கு? பிறகேன் பிள்ளைக்கு இந்தக் குளிசை?" என்றார். அந்த ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தம்பி அந்தக் குளிசையை, லித்தியத்தை, நிறுத்தினான். மூன்று கிழமையில் நித்திரை போனது. நான்காவது கிழமை, கையில் இருந்த காசையெல்லாம் கொண்டுபோய்ப் புறக்கோட்டையில் மூன்று கடைகளுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தான். எதை விற்கப் போகிறான் என்று கேட்டால் ஒரு நாள் துணி, மறுநாள் சோலார் விளக்கு.

நான் டொக்டர் இல்லை, கணக்காளர். எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கிண்டுவது தொழில். அந்தப் பழக்கத்தில், பைபோலர் என்று நாம் சொல்லும் இருமுனை மனநிலைக் கோளாறைப் பற்றிய மூளைப் பட ஆய்வுகளைத் தேடி வாசித்தேன், விளங்காததை டொக்டர்களிடம் கேட்டேன். எங்களைப் போல ஒரு கவரைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: எதற்காக ஸ்கேன் என்று முதலில் கேளுங்கள்

பைபோலரைக் கண்டுபிடிப்பது ஸ்கேன் இல்லை, கதை. நோயாளியின் கதை, வீட்டாரின் கதை. குறைந்தது ஒரு கிழமை தொடர்ந்து மனம் அளவுக்கு மீறி உயர்ந்தோ எரிச்சலாகவோ இருப்பது, நித்திரை குறைந்தும் களைக்காமல் இருப்பது, பேச்சு நிற்காமல் ஓடுவது, யோசிக்காமல் செலவழிப்பது. இந்த நிலைக்குத்தான் மேனியா என்று பெயர். வாட்டில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் போனால் ஒரு கிழமை என்ற கணக்கும் தேவையில்லை. இதன் மிதமான வடிவத்துக்கு நான்கு நாள் போதும். இதையெல்லாம் டொக்டர் கேட்டு அறிகிறார். எந்தப் படமும் இதைச் சொல்லாது.

அப்படியென்றால் ஏன் சிலரை எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புகிறார்கள்? பைபோலர் மாதிரித் தோன்றும் வேறு வருத்தங்கள் இல்லை என்று உறுதி செய்ய. 50 வயதுக்கு மேல் வாழ்க்கையில் முதல் தடவையாக மேனியா வந்தால், வலிப்பு, கை கால் பலவீனம், தலையில் அடிபட்ட வரலாறு, காய்ச்சலோடு குழப்பம், ஞாபகம் குறைந்துகொண்டே போவது என்று ஏதாவது இருந்தால் படம் எடுப்பதில் நியாயம் இருக்கிறது. கட்டி, பக்கவாதம், மூளை அழற்சி, நரம்புக் கவசத்தைப் பழுதாக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் ஆகியவற்றைத் தேடுகிறார்கள். எங்கள் ரிப்போர்ட்டின் நோர்மலுக்கு அர்த்தம் அவ்வளவுதான்: தேடிய அந்த வருத்தங்கள் இல்லை. பைபோலர் இல்லை என்பது அல்ல.

22 வயதுப் பிள்ளைக்கு, நரம்பியல் குறி எதுவும் இல்லாமல், வழக்கமான கதையோடு மேனியா வந்திருந்தால் தைரொயிட் இரத்தப் பரிசோதனைதான் எம்.ஆர்.ஐ.யை விட முதலில் தேவைப்படும். செலவும் மிகக் குறைவு. மருந்து தொடங்க முன் சிறுநீரகத்தின் நிலையும் தெரிய வேண்டும். ஸ்கேன் பெரிய மிஷின் என்பதால் பெரிய பதில் தரும் என்று நாம் நினைக்கிறோம். கொழும்பில் காசு இருந்தால் அன்றைக்கே எடுத்துவிடலாம் என்பதும் அந்த நினைப்பை வளர்த்துவிடுகிறது.

படி 2: வெண்சடப்பொருள் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ளுங்கள்

பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் நரைச் சடப்பொருள், வெண்சடப்பொருள் என்று படித்திருப்போம். நரம்புக் கலங்களின் உடல்கள் நெருங்கி இருக்கும் இடம் நரைநிறம். அந்தக் கலங்களிலிருந்து நீண்டு போய் மூளையின் ஒரு பகுதியை மற்றதோடு இணைக்கும் நார்க்கட்டுகள் வெண்மை. நாரைச் சுற்றி வாழைத்தண்டின் மடல் மாதிரி அடுக்கடுக்காக மயலின் கவசம் சுற்றியிருக்கிறது. அதில் கொழுப்பு அதிகம், அந்தக் கொழுப்புத்தான் வெண்மை. கவசம் இருந்தால் செய்தி பல மடங்கு வேகமாகப் போகும். 20 வயது மனித மூளையில் மயலின் சுற்றிய நார்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் ஏறக்குறைய 1,50,000 கிலோமீற்றருக்கு மேல் வரும் என்று டென்மார்க் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பூமியை மூன்று தடவைக்கு மேல் சுற்றலாம்.

பைபோலர் ஆய்வுகளில் மூன்று கட்டுகளின் பெயர் திரும்பத் திரும்ப வரும். மூளையின் இடது வலது பாதிகளை இணைக்கும் தடித்த பாலம் கோர்பஸ் கலோசம். அதற்கு மேலே வளைந்து ஓடும் சிங்குலம். மூன்றாவது, அன்சினேட் என்ற கொக்கி வடிவக் கட்டு. பயத்தையும் உணர்ச்சியையும் கையாளும் அமிக்டலா இருக்கும் பக்கத்தை, நிதானமாக யோசிக்க வைக்கும் முன்மூளையோடு இது இணைக்கிறது. உணர்ச்சிக்கும் கடிவாளத்துக்கும் நடுவில் உள்ள கம்பி என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனாலும் ஆய்வாளர்கள் ஏன் இதைக் குறிவைக்கிறார்கள் என்று விளங்கும்.

இன்னொரு விஷயம் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. மயலின் சுற்றும் வேலை பிறந்த சில வருடங்களில் முடிவதில்லை. முன்மூளையை நோக்கிப் போகும் கட்டுகள் கடைசியாக, இருபதுகளைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கின்றன. பைபோலர் பெரும்பாலும் தலைகாட்டுவதும் பதின்ம வயதின் பின்பகுதியிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதிக்குள். ஏ.எல். பரீட்சை, கம்பஸ், முதல் வேலை, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் வந்து குவிகிற அதே வயது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் "படிப்பு அழுத்தத்தால் வந்தது", "நாங்கள் கண்டித்ததால் வந்தது" என்று பெற்றோர் தங்களைக் குற்றம் சொல்லும்போது, அந்த வயதில் மூளையும் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்பதை ஞாபகப்படுத்தலாம்.

படி 3: கையில் இருப்பது எந்த வகைப் படம் என்று பாருங்கள்

எம்.ஆர்.ஐ. என்பது ஒரே படம் இல்லை. ஒரே மிஷினில் ஒரே தடவையில் பல வகைப் படங்கள் எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் அவற்றின் பெயர் இருக்கும். டி1 உருவ அமைப்பைக் காட்டும். டி2, ஃப்ளேர் இரண்டும் நீர் கூடிய, பழுதுபட்ட இடங்களைப் பளிச்சென்று காட்டும். டிஃபியூஷன் என்று ஒன்று இருக்கும், அது புதிய பக்கவாதத்தைப் பிடிப்பதற்கு.

ஆய்வுகளில் வரும் வெண்சடப்பொருள் அளவீடு இவை எதுவும் இல்லை. அது டி.டி.ஐ., டிஃபியூஷன் டென்சர் இமேஜிங். பீட்டர் பாஸரும் அவருடைய சகாக்களும் 1994இல் வெளியிட்ட முறை. வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் இது சேராது, தனியாகக் கேட்டால்தான் எடுப்பார்கள். ஆகவே "என் ரிப்போர்ட்டில் வெண்சடப்பொருள் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கே" என்று யாராவது சொன்னால், அது கண்ணுக்குத் தெரிகிற பழுது இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. நார்களின் நுண் அமைப்பை அந்தப் படம் அளக்கவே இல்லை.

டி.டி.ஐ. எப்படி வேலை செய்கிறது? கோவிலில் பூ கட்டுகிறவர்கள் வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நார்க்கட்டின் ஒரு முனையில் ஒரு துளி மை விட்டால் நாரின் நீளத்துக்கு ஓடும், குறுக்கே அவ்வளவாகப் பரவாது. அதே துளியை ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பரவும். மூளைக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகளும் இப்படித்தான் நகர்கின்றன. அவை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கின்றன என்பதைக் குறைந்தது 6 திசைகளில், ஆய்வுகளில் 30, 60 திசைகளில் அளந்து, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணக்குப் போடுகிறார்கள்.

அதிலிருந்து வரும் எண்தான் எஃப்.ஏ. (ஃபிராக்ஷனல் அனிசொட்ரோபி) பெறுமானம். 0 முதல் 1 வரை. கிண்ணத்துத் தண்ணீர் மாதிரி எல்லாப் பக்கமும் பரவினால் 0க்குக் கிட்ட, ஒரே பக்கம் ஓடினால் 1க்குக் கிட்ட. மூளையைச் சுற்றியுள்ள நீர்மத்தில் ஏறக்குறைய 0, நார்கள் இறுக்கமாக ஒரே பக்கம் ஓடும் கோர்பஸ் கலோசத்தில் 0.7, 0.8 வரை போகும்.

கணக்காளராக எனக்கு உறுத்திய இடம் இங்கேதான். எஃப்.ஏ. குறைந்தால் மயலின் பழுது என்று பல கட்டுரைகள் சுருக்கிவிடுகின்றன. அது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இரண்டு கட்டுகள் குறுக்கே கடக்கும் இடத்தில், இரண்டுமே நல்ல ஆரோக்கியமாக இருந்தாலும் எஃப்.ஏ. குறையும், ஏனென்றால் நீர் இரண்டு பக்கமும் ஓடுகிறது. படத்தின் ஒரு சதுரம் பொதுவாக 2 மில்லிமீற்றர் அளவு. அதற்குள் ஆயிரக்கணக்கான நார்கள். வயது கூடினாலும் எஃப்.ஏ. குறையும். மிஷினுக்குள் தலையை ஆட்டினாலும் எண் மாறும். மேனியாவில் இருக்கும் ஒருவரை மிஷினுக்குள் அசையாமல் படுக்கச் சொல்லிப் பாருங்கள்! நல்ல ஆய்வுக் குழுக்கள் தலை அசைவைக் கணக்கில் எடுத்துத் திருத்துகின்றன. ஆனால் தனி ஒருவருக்குத் தனியாக எடுத்த ஒரு டி.டி.ஐ.யை வைத்து, இவ்வளவு இருந்தால் சரி, இதற்குக் கீழே பைபோலர் என்று சொல்ல யாரிடமும் கோடு இல்லை.

படி 4: வெள்ளைப் புள்ளி என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம்

இதற்கு நேர் எதிரான வீடுகளும் உண்டு. ரிப்போர்ட்டில் வெண்சடப்பொருளில் ஹைப்பர் இன்டென்சிட்டி என்று எழுதியிருக்கும், வீடே கலங்கிப் போகும். ஃப்ளேர் படத்தில் பளிச்சென்று தெரியும் சிறு புள்ளிகளைத்தான் அப்படி எழுதுகிறார்கள். 1987இல் வந்த ஃபசேகாஸ் அளவுகோலின்படி அவற்றுக்கு 0 முதல் 3 வரை தரம் போடுவார்கள்.

பைபோலர் உள்ளவர்களிடம் ஆழ்ந்த வெண்சடப்பொருளில் இந்தப் புள்ளிகள் காணப்படும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் செய்த கணக்கு ஒன்று காட்டியது. ஆனால் அதே புள்ளிகள் வயதானவர்களிடமும், பிரஷர், சீனி வருத்தம், ஒற்றைத் தலைவலி, புகைத்தல் உள்ளவர்களிடமும் இருக்கின்றன. 55 வயதில், பிரஷர் குளிசையை ஒழுங்காக எடுக்காத ஒருவரின் ஸ்கேனில் இரண்டு புள்ளி தெரிந்தால், அது அவருடைய மனநிலையைப் பற்றிப் பேசுவதை விட அவருடைய பிரஷரைப் பற்றிப் பேசுகிறது என்பதே என் வாசிப்பு. செய்ய வேண்டியது எளிது: பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் பாருங்கள். பைபோலருக்கான சில மருந்துகளால் எடையும் சீனியும் கூடலாம் என்பதால் இது எப்படியும் பார்க்க வேண்டியதுதான்.

படி 5: ஆய்வு சொல்வதை எண்ணாக வாசியுங்கள்

இந்தத் துறையில் மிகப் பெரிய கணக்குகளில் ஒன்று 2019இல் வந்தது. எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டு, 26 ஆய்வுக் குழுக்களின் டி.டி.ஐ. படங்களை ஒரே முறையில் அலசியது. மொத்தம் 3,033 பேர். அதில் 1,482 பேர் பைபோலர் உள்ளவர்கள், 1,551 பேர் இல்லாதவர்கள். பைபோலர் குழுவில் மூளை முழுவதும் பல கட்டுகளில் எஃப்.ஏ. சராசரி குறைவாக இருந்தது. மிகக் கூடிய வித்தியாசம் கோர்பஸ் கலோசத்திலும் சிங்குலத்திலும். லித்தியம் எடுப்பவர்களிடம் எஃப்.ஏ. ஒப்பீட்டளவில் கூடுதலாக இருந்தது.

தலைப்பை மட்டும் வாசித்தால் "பைபோலர் மூளையில் தெரிகிறது" என்று தோன்றும். உள்ளே போனால், கோர்பஸ் கலோசத்தில் ஆட்களுக்கிடையே உள்ள ஏற்ற இறக்கத்தில் 100ல் 4 பங்கு அளவைத்தான் பைபோலர் உண்டா இல்லையா என்பது விளக்குகிறது. இதை வேறு மாதிரிச் சொல்கிறேன். பைபோலர் உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். எஃப்.ஏ. குறைவாக உள்ளவர்தான் நோயாளி என்று பந்தயம் கட்டுங்கள். 100 தடவை கட்டினால் 62 தடவை அளவில் வெல்வீர்கள். காசைச் சுண்டினாலே 50 தடவை வெல்லலாம். ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால் உண்மையான வித்தியாசம், ஒரு ஆளைப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இன்னும் ஒன்று. அதே கூட்டு 2018இல் ஸ்கிட்ஸோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்குச் செய்த கணக்கிலும் எஃப்.ஏ. பரவலாகக் குறைந்துதான் இருந்தது. ஆகவே இது பைபோலரின் கைரேகை இல்லை.

லித்தியம் சம்பந்தமான முடிவைக் கண்டதும் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். தம்பியின் குளிசைக்கு ஒரு சாட்சி கிடைத்த மாதிரி. ஆனால் இது ஒரே நேரத்தில் எடுத்த படங்களின் ஒப்பீடு. லித்தியம் நார்களைப் பாதுகாத்ததா, இல்லை நார்கள் நன்றாக இருந்தவர்களுக்குத்தான் லித்தியம் ஒத்துப்போய் அவர்கள் அதைத் தொடர்ந்து எடுக்கிறார்களா என்று இதை வைத்துப் பிரிக்க முடியாது. லித்தியம் வேலை செய்யும் என்பதற்குச் சாட்சி படத்தில் இல்லை, 1949இல் அவுஸ்திரேலியாவில் ஜோன் கேட் எழுதிய அறிக்கையிலிருந்து தொடங்கும் எழுபது வருட நோயாளிகளின் கதையில் இருக்கிறது.

படி 6: "எனக்கும் வருமா?"

இந்தக் கேள்வியை நான் ஐந்து வருடம் யாரிடமும் கேட்கவில்லை. கடைசியில் தம்பியின் கிளினிக் நாளில், அவன் மருந்து எடுக்கப் போன இடைவெளியில் டொக்டரிடம் கேட்டேன். நானும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டேன்.

"எடுக்கலாம் பிள்ளை. எடுத்துப்போட்டு என்ன செய்யப் போறீங்கள்?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார்: "குறைவா வந்தா நித்திரை கொள்ள மாட்டீங்கள். சரியா வந்தா கவனமா இருக்க மாட்டீங்கள். ரெண்டும் உங்களுக்குக் கூடாது."

சரி, எண்கள். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் பைபோலரில் பரம்பரையின் பங்கை 60 முதல் 85 சதவீதம் என்று மதிப்பிடுகின்றன. இந்த எண்ணைக் கேட்டால் பயம் வரும். ஆனால் அது ஒரு தனி ஆளுக்கு வரும் வாய்ப்பு இல்லை, மக்கள் தொகையில் காணும் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு. நமக்குத் தேவையான எண் வேறு: பெற்றோரில் ஒருவருக்கோ கூடப்பிறந்தவருக்கோ பைபோலர் இருந்தால், எனக்கு வரும் வாய்ப்பு 100ல் 5 முதல் 10 வரை. பொதுவாக 100ல் 1 அல்லது 2. பல மடங்கு கூடுதல்தான், ஆனால் 100 பேரில் குறைந்தது 90 பேருக்கு அது வராது. ஒரே மரபணு கொண்ட இரட்டையர்களில்கூட ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்குக் கட்டாயம் வருவதில்லை. 2021இல் வந்த பெரிய மரபணு ஆய்வு ஒன்று பைபோலரோடு சம்பந்தப்பட்ட 64 இடங்களை மரபணுத் தொகுதியில் காட்டியது, பின்னர் அந்த எண்ணிக்கை இன்னும் கூடியது. ஒவ்வொன்றின் பங்கும் துளி. "குடும்பத்தில ஓடுது" என்று கல்யாணத் தரகர் ஒரே வரியில் சொல்லி முடிப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

ஆய்வாளர்கள் வருத்தம் இல்லாத உறவினர்களின் மூளையை ஏன் படம் எடுக்கிறார்கள் என்பதும் சுவாரசியமானது. நோயாளியின் எஃப்.ஏ. குறைந்திருந்தால் அது வருத்தத்தால் வந்ததா, மருந்தால் வந்ததா, முதலிலேயே இருந்ததா என்று தெரியாது. என்னைப் போன்ற ஒரு அக்காவுக்கு மேனியாவும் இல்லை, மருந்தும் இல்லை, ஆனால் மரபணுவில் பாதி தம்பியோடு பொது. எனக்கும் குறைந்திருந்தால் அது முதலிலேயே இருந்த ஒரு சாய்வாக இருக்கலாம். ஸ்கொட்லாந்தில் பைபோலர் குடும்பங்களை வைத்து 2011இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு மேற்பட்ட வருத்தமில்லாத உறவினர்களிடம் எஃப்.ஏ. மற்றவர்களை விடக் குறைவாகத்தான் இருந்தது. வேறு சில ஆய்வுகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. சிலவற்றில் ஒரு கட்டில் தெரிந்தது இன்னொன்றில் தெரியவில்லை.

தெரிந்தாலும் அதன் அர்த்தம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நோயாளியிடமும் உறவினரிடமும் தெரிந்தால் அது ஆபத்தின் குறி. நோயாளியிடம் மட்டும் தெரிந்தால் வருத்தம் விட்ட தழும்பு. வருத்தம் வராத உறவினரிடம் மட்டும் ஒரு வித்தியாசம் தெரிந்தால் அது ஆபத்தே இல்லை, வருத்தத்தைத் தடுத்து நிற்கும் ஏதோ ஒரு பலமாகவும் இருக்கலாம். ஒரு படத்தை வைத்து இந்த மூன்றையும் பிரிக்க முடியாது. பல வருடம் அதே பிள்ளைகளைத் தொடர்ந்து படம் எடுத்தால்தான் முடியும். அந்த டொக்டர் சிரித்துக்கொண்டு கேட்ட கேள்விக்குப் பின்னால் இவ்வளவும் இருந்தது என்று பிறகுதான் விளங்கியது.

படி 7: குடும்ப மரத்தை வரையுங்கள்

ஸ்கேனை விட உபயோகமான ஆவணம் இதுதான். ஒரு ஏ4 தாள். மூன்று தலைமுறை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மச்சான் மச்சாள் கல்யாணம் நடந்திருந்தால் இரட்டைக் கோடு.

கஷ்டம் வரைவதில் இல்லை, கேட்பதில். நம்முடைய வீடுகளில் யாருக்கும் பைபோலர் இருந்ததில்லை என்றுதான் சொல்வார்கள். கொழும்பிலோ மனநல வைத்தியசாலை இருக்கும் "அங்கொடை" என்ற ஊர்ப் பெயரே ஒரு வசவாகிவிட்டது, அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கூட ஊரைச் சொல்லத் தயங்குவார். ஆகவே நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள். யாராவது நாள்கணக்கில் நித்திரை கொள்ளாமல் இருந்தார்களா? திடீரென்று காணியை விற்றவர், சொல்லாமல் கதிர்காமத்துக்கு நடந்து போனவர், ஒரு வருடம் அறையை விட்டு வெளியே வராதவர்? பிள்ளை பெற்று ஒரு கிழமையில் தலை குழம்பியவர்? தானாக உயிரை விட்டவர்? பழைய பெரியம்மாக்கள் "அவருக்குச் சாமி வந்தது" என்பார்கள். அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 83 கலவரத்துக்குப் பிறகு பாதிக் குடும்பம் ரொறன்ரோவில் என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எனக்கு அம்மாவின் சித்தப்பா ஒருவர் அப்படித்தான் கிடைத்தார். "மூண்டு மாசம் ராசா மாதிரி, ஆறு மாசம் பிணம் மாதிரி" என்று ரொறன்ரோ மாமி சொன்னார். எந்தப் புத்தகமும் இவ்வளவு துலக்கமாகச் சொல்லாது.

கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று: எந்த மருந்துக்கு யார் சுகமானார்? லித்தியத்துக்கு நல்ல பலன் கிடைப்பது குடும்பங்களில் ஓடுகிறது. உங்கள் தாளில் அந்த ஒரு குறிப்பு இருந்தால் டொக்டருக்கு அது தங்கம்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் பின் சில நாளிலேயே வரும் கடுமையான மனக்குழப்பம் பொதுவாக 1,000 பிரசவத்துக்கு ஒன்று இரண்டுதான். பைபோலர் உள்ள தாய்மாரில் கடுமையான நிலை ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வரலாம். ஆகவே குடும்பத்தில் பைபோலர் இருந்தால், கர்ப்பிணி கிளினிக்கில் முதல் நாளே சொல்லுங்கள். பைபோலருக்குக் கொடுக்கும் வெல்ப்ரோயேட் என்ற மருந்தை எடுப்பவர்கள் பிள்ளை பெற நினைக்க முன்பே டொக்டரிடம் கதைக்க வேண்டும், அது கருவில் இருக்கும் பிள்ளையைப் பாதிக்கும். தானாக நிறுத்தவும் கூடாது.

மனச்சோர்வு என்று மட்டும் டொக்டரிடம் போகும் இளம் பிள்ளையும் இந்தத் தாளைக் கொண்டுபோக வேண்டும். குடும்பத்தில் பைபோலர் இருந்தால், சோர்வுக்கான மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பது சிலரை மேனியாவுக்குத் தள்ளலாம். காசு கட்டி டொக்டரைப் பார்க்கும், ஐந்து நிமிடம் மட்டும் கிடைக்கும் சனல் சந்திப்பில், கேட்காவிட்டாலும் நீங்களே இதைச் சொல்லுங்கள்.

படி 8: ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டும் என்றால்

அரச வைத்தியசாலையில் கிளினிக் கொப்பியும் டொக்டரின் கடிதமும் வேண்டும், திகதிக்குக் காத்திருக்க வேண்டும். உலோகம் எல்லாம் கழற்ற வேண்டும். தாலிக்கொடி, காப்பு மட்டும் இல்லை, சேலையில் மறந்த ஊசி, இடுப்பில் கட்டிய அச்சரக்கூடு எல்லாம். அச்சரக்கூட்டைக் கழற்ற அம்மா சம்மதிக்க அரை மணித்தியாலம் போனது. உடலுக்குள் பேஸ்மேக்கர், உலோகத் துண்டு இருந்தால் முதலே சொல்லுங்கள். ஷெல் பட்டவர்கள் நம் குடும்பங்களில் குறைவில்லை.

சத்தம் பெரிது, காதடைப்பான் தருவார்கள். லித்தியம் எடுப்பவர் அன்றைக்குத் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. மயக்க மருந்துக்காகப் பட்டினி இருக்கச் சொன்னால் லித்தியம் எடுப்பதையும் சொல்லிவிடுங்கள். சாய ஊசி போடப் போவதாக இருந்தால் சிறுநீரக ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். படத்தின் சீடியைக் கேட்டு வாங்குங்கள், தாளை விட அதுதான் பின்னர் ஒப்பிட உதவும். ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு வீட்டுக்குப் போகாதீர்கள், ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதித் தந்த டொக்டரிடமே போங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு பயணம்தான் தவறியது.

படி 9: நித்திரைக் கொப்பி

கடைசியாக, சாதாரணக் கொப்பி ஒன்று. ஒவ்வொரு நாளும் மூன்று விஷயம்: எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்கு எழும்பினான், மனம் எப்படி. எங்களுடைய கணக்கில் 5 மணித்தியாலத்துக்குக் குறைவாக இரண்டு இரவு தொடர்ந்து, ஆனால் களைப்பு இல்லை என்றால் டொக்டருக்குப் போன் போகும். உங்கள் வீட்டுக்கு எது எல்லை என்று டொக்டரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். வருத்தம் இல்லாத தம்பி தங்கைகளும் பதின்ம வயதில் இதே கொப்பியை வைத்திருக்கலாம். கஞ்சாவுக்குக் கிட்டப் போகாமல் இருப்பதும் இரவு வேலை மாறி மாறி வராத வேலையைத் தெரிவுசெய்வதும் அவர்கள் கையில் உள்ளவை.

லித்தியத்தின் இரத்த அளவைக் கடைசிக் குளிசை எடுத்து 12 மணித்தியாலம் கழித்துப் பார்ப்பார்கள், தொடர்ந்து எடுப்பவருக்குப் பொதுவாக லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்திருக்கப் பார்ப்பார்கள். கொழும்பு வெயிலில் வியர்த்து ஒழுகினால், வயிற்றோட்டம் வந்தால், முழங்கால் நோவுக்கு இபுபுரூஃபன் வாங்கிப் போட்டால் அது ஏறிவிடும். கை நடுங்கினால், வாந்தி வந்தால், நடை தள்ளாடினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். நிலைமை கைமீறினால் இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. அம்புலன்ஸ் வேண்டுமென்றால் 1990, அது இலவசம்.

எங்கள் கொப்பி இப்போது ஏழாவது. அலுமாரியின் மேல் அந்தக் கவருக்குப் பக்கத்தில் முதல் ஆறும் அடுக்கியிருக்கின்றன. போன செவ்வாய்க்கிழமை தம்பியின் கையெழுத்தில்: "11.10க்குப் படுத்தேன். 5.40க்கு எழும்பினேன். மனம்: மழை, தேத்தண்ணி, பரவாயில்லை." அதற்குக் கீழே அம்மா பென்சிலால் ஒரு சரி போட்டிருக்கிறார்.